எனக்காக இன்னொரு ஆமென்

எனக்குப் பாட வராது என்று யாரும் சொன்னதில்லை. எப்போது பாடக் கூடாது என்பதுதான் தெரியாது.

தேயிலை விலை படுத்துவிட்ட சமயம். மஞ்சூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. ஆபீஸில் தற்காலிக கிளார்க்குகள் நானும் தங்கராஜும். ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள்; யாரை என்று ஹெட் கிளார்க் தேவசகாயம் ஐயா சொல்ல வேண்டும். அந்த வாரம் பார்த்து, தன் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்தார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கோயமுத்தூரில் அப்பா நடத்திய மார்கழி பஜனை. அங்கே ஒருவர் ஒரு வரி பாடுவார், மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவோம். உலகத்துச் சாமி பாட்டெல்லாம் அப்படித்தான் என்று நம்பியிருந்தேன்.

பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து நம்பர் சொன்னார்கள். எல்லாரும் எழுந்து முதல் வரியைச் சேர்ந்து பாடினார்கள். முடியும்வரை காத்திருந்து, மரியாதையாக அதை வாங்கிப் பாடினேன். அதற்குள் அவர்கள் இரண்டாம் வரிக்குப் போய்விட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை பேர் கொடுக்கிறார்கள், வாங்க ஓர் ஆள்கூட இல்லையே! (தங்கராஜ் வாயை மட்டும் அசைச்சுட்டு நின்னான், கள்ளன்.) பொறுப்பு என் தலையில்தான் என்று குரலை உயர்த்தினேன். முன்னால் நின்ற ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார். பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னும் உயர்த்தினேன்.

எல்லாரும் "ஆமென்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் நின்றபடி கடைசி வரியில் இருந்தேன். பாதியில் விட்டால் சாமி குத்தம், விடாவிட்டால் வேலை போய்விடும். பாடியே முடித்தேன்.

ஐயா மெல்லக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, முடிச்சுட்டீங்களா?"

"முடிஞ்சுதுங்க ஐயா."

"அப்ப அதுக்கும் ஒண்ணு சொல்லிருவோமுங்க" என்றார். கூட்டம் முழுவதும் எனக்காக இன்னொரு ஆமென் சொன்னது.

திங்கட்கிழமை பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் ஆபீஸுக்குப் போனேன். ஐயா கூப்பிட்டார்.

"எஸ்டேட்ட மூடுனாலும் மூடிருவாங்க தம்பி. எல்லாரும் எந்திரிச்சுப் போனாலும், மிச்சத்த முடிச்சுட்டுத்தான் நீங்க உக்காருவீங்க. வேலைல நீங்களே இருங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சொன்னபடியே எஸ்டேட்டை மூடினார்கள். ஆபீஸைக் கடைசியாகப் பூட்டியவன் நான்தான்.

இன்றும் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் கடைசி தோசையோடு உட்கார்ந்திருந்தால், மனைவி கை கழுவிக்கொண்டே "ஆமென்" என்பாள். நான் தட்டைக் காலி செய்ததும் பிள்ளைகள் இன்னொன்று சொல்வார்கள்.