அப்பா கட்டிய நெருப்பு மதில்

"இந்த வீட்டுக் கொம்பியூட்டருக்கு ஒரு மதில் வேணும்!"

ஞாயிறு காலமை தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பா அறிவித்தார். சேர்ச்சுக்குப் போன அம்மா இன்னும் வரவில்லை, அந்தத் துணிவு.

மதில் என்றால் ஃபயர்வோல். வைரஸுக்கு என்று ஊருக்குச் சொன்னார். உண்மையான வைரஸ் கனடாவில் இருந்தது: அம்மாவின் தங்கச்சி, யோசப்பின் என்ற என் சித்தி. ஞாயிறு பின்னேரம் ஆறுக்கு வீடியோவில் வந்தால் எட்டுக்குத்தான் போவா. அன்றைக்கு ஆறுக்குக் கிரிக்கெட் இறுதியாட்டம். இரண்டையும் ஒன்றாகத் தாங்க எங்கள் இன்ரநெற்றுக்குச் சீவன் இல்லை.

மருதனார்மடத்துக் கொம்பியூட்டர் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டினேஸ் அண்ணை இரண்டு பெட்டியை எடுத்து வைத்தார்.

"இது வைரஸை மட்டும் பிடிக்கும், சேர். மற்றது ஃபயர்வோலோடை. ஆர் வரலாம், ஆர் வரேலாது எண்டு நீங்களே சொல்லலாம்."

"நான் மட்டுமோ?"

"பாஸ்வேர்ட் போடுற ஆள்தான் ராசா."

"மச்சாள்மாரையும் மறிக்குமோ?"

"வீடியோ கோலை மறிக்கும். மச்சாள் பிளேனிலை வந்தால் கொம்பனி பொறுப்பில்லை."

அப்பா அதையே வாங்கினார்.

நாலு மணிக்கு அதைக் கொம்பியூட்டரில் ஏற்றத் தொடங்கினார். எங்கள் இன்ரநெற் அளவெட்டி நாதஸ்வரம் மாதிரி ஆலாபனையிலேயே அரை மணித்தியாலம் நின்றது. கடைசியில் 'புதிய பாஸ்வேர்டைத் தருக' என்று வந்தது. அப்பா விரல்களை முறித்தார்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தா.

"என்னப்பா, மணி நாலரை. ராகுகாலம் தொடங்கீட்டுதெல்லே?"

சுட்டதுபோல அப்பா கையை எடுத்தார். ராகுகாலத்தில் அவர் புதுச் சவர்க்காரத்தின் உறையைக்கூடப் பிரிக்கமாட்டார்.

"நல்லகாலம் சொன்னீர், பியாட்றிஸ்! ஆறு மணி வரைக்கும் உதிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது."

"எனக்கேன் உந்த வேலை? நீங்கள் வடிவாய் முழுகி, வைரவருக்கு ஒரு கற்பூரம் கொளுத்திப்போட்டு வாங்கோவன்."

ஆறு அடிக்க, அப்பா மூன்று குறி விபூதியோடு வந்தார். திரையில் சித்தி.

"அத்தான்! சுகமோ?"

அப்பா அம்மாவின் கையிலிருந்த மௌஸைப் பறித்து, கோலை மறிக்க அமத்தினார். திரையில் பெட்டி ஒன்று எழும்பியது: 'நிர்வாகி பியாட்றிஸின் பாஸ்வேர்டைத் தருக.'

போனில் எழுத்தைப் பெரிதாக்கவே என்னைக் கூப்பிடுகிற அம்மா! நான் யாருடைய குரலையும் செய்துகாட்டுவேன். அம்மா அப்போது இருந்த அமைதியை மட்டும் இன்றுவரை செய்ய முடியவில்லை.

"நீர்... ராகுகாலத்திலையோ போட்டனீர்?"

"ராகுகாலம் உங்களுக்கப்பா. நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரியெல்லே? எங்களுக்கு அந்த ஒண்டரை மணித்தியாலம் சும்மாதானே கிடக்கு."

"அப்ப என்ரை மட்ச்?"

"மட்ச் காட்டுற பக்கம் எட்டுக்குத்தான் திறக்கும். கலண்டரிலை பாத்தனான், உங்களுக்கு அதுதான் நல்ல நேரம்."