லெம்பி வழிமொழிந்த அடுப்பு

நான் யாருக்கும் பயந்தவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சந்தர்ப்பம் கிடைக்காது.

இரும்புச் சுரங்க வாயிலில் நூற்றியேழு நாள் வேலைநிறுத்தத்தில் நின்றவன். கண்ணீர்ப்புகை குடித்தவன். கம்பெனி நாய் கடித்த தழும்பு இடது தொடையில் இன்னும் இருக்கிறது. அந்த நாய் செத்துவிட்டது. நான் இருக்கிறேன். பேச்சுவார்த்தை மேசையில் எதிரே ஏழு வக்கீல்கள் உட்கார்ந்தபோதுகூட என் கை நடுங்கியதில்லை.

போன செப்டம்பரில் ஒரு காலை, என் மனைவி லெம்பி காப்பிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "ஆர்விட், உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்றாள்.

கை நடுங்கியது.

"போன ஜனவரி ஞாபகம் இருக்கா?"

மறக்க முடியுமா? வட மினசோட்டாவில் எழுபத்திநாலு குளிர்காலம் பார்த்தவன் நான். அது மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. புயலில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. வரவேற்பறைச் சுவரில் என் அப்பா கட்டிய செங்கல் கணப்பில் மலைமலையாக விறகு எரித்தோம். சூடு முழுக்கப் புகைபோக்கி வழியாகக் கனடாவுக்குப் போய்விட்டது. குளியலறைத் தண்ணீர்க்குழாய் உறைந்து வெடித்தது. லெம்பி என் வேட்டைக் கோட்டுக்குள் சுருண்டு உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். வீட்டில் சூடாக இருந்தது அந்தப் பார்வை ஒன்றுதான்.

"அய்லி கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. குளிர்காலத்துக்கு அரிசோனா வந்துடுன்னு."

அய்லி அவள் தங்கை. அரிசோனா என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். சுரங்க மேலாளர்கள் ஓய்வுபெற்றால் போகிற இடம் அது. எங்களைக் கம்பெனியிடம் விலைபேசிய சங்கச் செயலாளரும் அங்கேதான் வெயிலில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"முதல்ல இந்தக் கணப்புக்கு ஒரு வழி பண்ணுங்க. அப்புறம் அரிசோனாவைப் பத்திப் பேசலாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. கணப்பு சரியானால் லெம்பி இருப்பாள். இல்லையென்றால் போய்விடுவாள்.

பயந்தேன். குளிருக்கு அல்ல. லெம்பி இல்லாத வீட்டுக்கு. எனக்குச் சமைக்கத் தெரிந்தது முட்டை அவிப்பது. அதிலும் பாதி வெடித்துவிடும். போகட்டும், டப்பா உணவில் காலம் தள்ளலாம். டிசம்பரில் எங்கள் ஊரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த இருட்டில் நான் முதலாளித்துவத்தைத் திட்டும்போது, கம்பளிப் பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் 'உம்' கொட்ட எதிர்நாற்காலியில் ஆள் இருக்காது.

மறுநாளே பக்கத்து வீட்டு ரூடியை வண்டியில் ஏற்றிக்கொண்டு டலூத் நகரத்துக்குப் புறப்பட்டேன். ரூடி என்னோடு சுரங்கத்தில் இருந்தவன். மனைவி இறந்து ஆறு வருஷம். டப்பா பீன்ஸைச் சூடாக்காமலே கரண்டி போட்டுச் சாப்பிடுகிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் என் வருங்காலமே சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு எதிரே வந்து நிற்பதுபோல இருக்கும்.

பழைய கணப்பின் பொந்துக்குள் அப்படியே செருகிவைக்கிற இரும்பு அடுப்புகள் இப்போது வருகின்றன. கடையில் இரண்டுதான் எங்கள் கணப்பின் அளவுக்குப் பொருந்தின.

முதலாவதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். வார்ப்பிரும்பு. வளைந்த கதவு. கதவு முழுக்கக் கண்ணாடி. உள்ளே தீ எழுந்து நின்று ஆடியது. மேலே பளபளவென்று பூச்சு. என்ன நிறம்? சிவப்பு! என் கொடியின் நிறம்! அதன் முன்னால் இரண்டு நாற்காலிகளை மனத்துக்குள்ளேயே போட்டுவிட்டேன். ஒன்றில் நான். ஒன்றில் லெம்பி.

"பார்த்தா கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றேன்.

"உடம்புக்கும் குளிர்ச்சிதான்" என்றான் ரூடி.

கடைக்காரப் பெண் டார்லீன் சிரிக்காமல் சொன்னாள்: "அவர் சொல்றது சரிங்க. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை விறகு போடணும். முன்னால உட்கார்ந்தவங்களுக்குச் சூடு. மாடிக்குப் போகாது. பக்கத்துலயே ஒருத்தர் காவல் இருக்கணும்."

"அது?" என்று மற்றதைக் காட்டினேன்.

இரண்டாவது ஒரு கறுப்புப் பெட்டி. பட்டை இரும்பு. தபால் உறை அளவுக்கு ஒரு ஜன்னல். வங்கிப் பெட்டகத்தை யாரோ திருடிக்கொண்டு வந்து சுவரில் ஒளித்துவைத்த மாதிரி இருந்தது.

"அழகு பார்க்காதீங்க. ஒரு தடவை நிரப்பினா பத்து மணி நேரம். வீடு முழுக்கப் போகும். கரண்ட் போனாலும் எரியும்."

"வங்கியை வீட்டுக்குள்ள விடமாட்டேன்" என்றேன்.

இரண்டின் படத்தாளையும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். சிவப்பை வாங்குவது முடிவாகிவிட்டது. ஆனால் அதை வீட்டில் நிறைவேற்ற வேண்டுமே!

எங்கள் வீட்டு நடைமுறை உங்களுக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில், இளமைத் திமிரில், நானே கொண்டுவந்த விதி அது. எந்தக் காரியமானாலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், குறிப்பேட்டில் எழுத வேண்டும். உறுப்பினர்கள் இரண்டே பேர். நாற்பத்தெட்டு வருஷத்தில் நான் முன்மொழிந்த எதையும் லெம்பி வழிமொழிந்ததில்லை. நாய் வளர்க்கும் தீர்மானம் விழுந்தது. படகு விழுந்தது. தாடி இரண்டு முறை விழுந்தது.

இந்த இடத்தில்தான் என் அனுபவம் பேசியது. வேண்டாததைக் கேள், மறுப்பார்கள், வேண்டியதைத் தருவார்கள். அந்த நூற்றியேழு நாள் வேலைநிறுத்தத்தில் ஏழு வக்கீல்களை இப்படித்தான் கவிழ்த்தேன். நான் கறுப்புப் பெட்டியை முன்மொழிவேன். லெம்பி எதிர்ப்பாள். மிச்சமிருப்பது சிவப்பு. நான் பெருந்தன்மையோடு பணிந்துபோவேன்.

சனிக்கிழமை மத்தியானம் கூட்டம். லெம்பி ஏலக்காய் ரொட்டி சுட்டிருந்தாள். ரூடி ரொட்டிக்காக வந்திருந்தான். நான் எழுந்து நின்றேன். கறுப்புப் பெட்டியின் படத்தை மேசையில் அடித்துவைத்தேன்.

"இந்த அடுப்பையே வாங்க வேண்டுமென்று முன்மொழிகிறேன்!"

லெம்பி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "ரொம்ப அசிங்கமா இருக்கே."

உள்ளுக்குள் துள்ளினேன். "அழகு பணக்காரன் கவலை. உழைக்கிறவனுக்கு வேண்டியது சூடு!"

"மாடிக் குளியலறை வரைக்கும் போகுமா?"

"போகும்."

"மைனஸ் நாற்பதுலயும் குழாய் உறையாதா?"

"உறையாது! எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். "மணிக்கு ஒரு தடவை யாராவது எந்திரிச்சுப் பார்க்கணுமா?"

"யாரும் வேணாம். காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. ஒரே ஆள் போதும்."

"விறகு அடுக்கத் தெரியாத ஆளா இருந்தா?"

"ஒரு முட்டாள்கூட எரிக்கலாம்!"

"நீங்ககூடவா?"

"நான்கூட!"

ரூடி ரொட்டியை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் கவனிக்கவில்லை. மேடையில் இருப்பவன் எப்போது கூட்டத்தைக் கவனித்தான்?

லெம்பி பேனாவை மூடினாள்.

"வழிமொழிகிறேன்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. நாற்பத்தெட்டு வருஷத்தில் நான் கேட்காத சொல்.

"என்னது?"

"வழிமொழிகிறேன்னு சொன்னேன். ஏகமனதா நிறைவேறிடுச்சு. இன்னும் கொஞ்சம் காப்பி, ரூடி?"

"இரு, இரு! நான் ஒரு திருத்தம் கொண்டுவர்றேன். சிவப்புல ஒண்ணு இருக்கு, கண்ணாடி பெருசு..."

"யாரு வழிமொழியறது?"

"ரூடி!"

"ரூடி உறுப்பினர் இல்ல, தலைவரே. பார்வையாளர். ரொட்டிக்கு வந்தவர்."

"நான் ரொட்டிக்கு வந்தவன்" என்றான் அந்தத் துரோகி, வாய் நிறைய ரொட்டியோடு.

அக்டோபரில் கறுப்புப் பெட்டி வந்து சுவருக்குள் உட்கார்ந்தது. புகைபோக்கிக்குள் புதுக் குழாய் இறக்கினார்கள். முதல் தீயை லெம்பி என்னைத்தான் மூட்டச் சொன்னாள். நான் இரண்டு வாளித் தண்ணீரை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு மூட்டினேன். என் சின்ன வயதில் எதிர்வீட்டுப் புகைபோக்கிக்குள் படிந்த கரி பற்றிக்கொண்டு ரயில் போல உறுமியது இன்னும் என் காதில் இருக்கிறது. இரும்பு டக் என்று ஒரு சத்தம் போட்டது. எகிறி எழுந்தேன். ஒரு வாளி என் காலிலேயே கவிழ்ந்தது.

"சூடாகறப்ப இரும்பு அப்படித்தான் சத்தம் போடும்" என்றாள் லெம்பி. "நாளைக்கும் நீங்களே போடுங்க. பழகணும்ல?"

எவ்வளவு அன்பாகச் சொன்னாள்! ஒரு மாதம் நானே போட்டேன். எந்த பிர்ச் மரக்கட்டை காய்ந்தது, எது ஈரம், காற்றுக் கதவை எவ்வளவு திறப்பது, சாம்பலை எப்போது அள்ளுவது, எல்லாம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். வீடு கதகதவென்று இருந்தது. தபால் உறை ஜன்னல் வழியாக ஒரு கண்ணால் தீயைப் பார்த்தபடி நினைத்துக்கொண்டேன்: சிவப்பு போனால் என்ன? லெம்பி இருக்கிறாள். பயம் போய்விட்டது.

நவம்பர் கடைசி வாரத்தில் மாடியிலிருந்து ஏதோ தடதடவென்று இறங்கும் சத்தம். பெட்டி. அதன் பின்னால் லெம்பி, தோளில் பூப்போட்ட வெயில்காலச் சட்டை.

"எங்கே?"

"அய்லி வீட்டுக்கு. மார்ச்சுல வந்துடுவேன்."

"அடுப்புதான் வாங்கியாச்சே!"

"அதனாலதானே போறேன்? இத்தனை வருஷமா ஏன் போகலைன்னு நினைச்சீங்க? குழாய் வெடிச்சுடும், நீங்க விறைச்சுப் போயிடுவீங்கன்னுதான். கணப்புக்கு ஒரு வழி பண்ணுங்க, அப்புறம் அரிசோனாவைப் பத்திப் பேசலாம்னு சொன்னேனே!"

"நீ இருக்கணும்னுதானே வாங்கினேன்!"

குறிப்பேட்டைப் பிரித்துக் காட்டினாள். என் சொற்கள், அவள் கையெழுத்தில். குழாய் உறையாது. ஒரே ஆள் போதும். முட்டாள்கூட எரிக்கலாம். அவரும்கூட. அடியில் என் கையொப்பம். நான் எப்போது போட்டேன்? வழிமொழிந்த அதிர்ச்சியில் எதைக் கொடுத்திருந்தாலும் போட்டிருப்பேன்.

"அந்தச் சிவப்புப் படத்தை உங்க சங்கக் கோட்டுப் பையில கூட்டத்துக்கு முந்தின நாளே பார்த்துட்டேன்" என்றாள். "மடிச்ச மடிப்புல கிழிஞ்சே போயிருந்துச்சு. பாவமா இருந்துச்சு. ஆனா அதை வாங்கியிருந்தா மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாருங்க எந்திரிக்கிறது?"

ஒரு போராளிக்கு அப்போது ஒரே வழிதான் உண்டு. கொட்டகைக்கு ஓடினேன். நூற்றியேழு நாள் தூக்கிய பழைய பலகையை எடுத்துவந்து வாசற்படியில் குறுக்கே நின்றேன். 'நியாயம் கிடைக்கும்வரை நகரமாட்டோம்.' பனி கொட்டிக்கொண்டிருந்தது. கோட்டுப் போட மறந்துவிட்டேன்.

லெம்பி பலகையை நிதானமாகப் படித்தாள். "யாரெல்லாம் நகரமாட்டீங்க?"

"நான்."

"மறியலுக்கு ஓட்டெடுப்பு நடந்துச்சா?"

நடக்கவில்லை. அவளுக்கும் தெரியும்.

அதற்குள் ரூடி வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டான். விமான நிலையம் வரை அவன்தான் ஓட்டுகிறானாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மறியலைத் தாண்டிப் போனான். நாற்பது வருஷச் சங்க உறுப்பினன்! தாண்டும்போது, "பீன்ஸ் வேணும்னா என் வீட்டுச் சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கு" என்று காதில் கிசுகிசுத்தான்.

லெம்பி தன் கழுத்துக் கம்பளியை அவிழ்த்து என் கழுத்தில் சுற்றினாள்.

"தினமும் சாயங்காலம் நாலரைக்கு போன் பண்றேன். நீங்க முதலாளித்துவத்தைத் திட்டுங்க, நான் 'உம்' கொட்டறேன். இப்ப உள்ளே போங்க. பல்லு தந்தி அடிக்குது."

உள்ளே போனேன். வீடு கதகதப்பாக இருந்தது. என் வாழ்நாளில் நான் முன்மொழிந்த தீர்மானங்களில், ஒரு வரி விடாமல் அமல்படுத்தப்பட்டது இது ஒன்றுதான்.