ராயப்பன் விமானத்தில் மஞ்சள் கோடு

இந்த வாரம் பறந்தே தீருவது என்று ராயப்பன் முடிவு கட்டிவிட்டார். இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக ஒரு வாரம் சாலை மறியல் நடந்த எண்பத்தேழாம் வருஷம் அது. கச்சிராயபாளையம் ரோட்டில் அந்தக் கோடியிலும் இந்தக் கோடியிலும் புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, மாட்டு வண்டிகூட இல்லை. நடுவில் நூல் பிடித்த மாதிரி ரோடு சும்மா கிடந்தது. ஊரே அதைப் பார்த்துப் பஸ் வரலையே என்று புலம்பியது. ராயப்பன் மட்டும், "ஆகா, ரன்வே!" என்றார்.

மனுஷன் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே நட்டு முடுக்கியே காலம் போச்சு, ஒரு நாளும் ஓட்ட விடவில்லை. அந்த ஆத்திரத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டாயில் சொந்தமாக ஒன்றைக் கட்டியிருந்தார். மலை மூங்கில், அலுமினியக் குழாய், வேட்டித் துணி, பழைய கார் இன்ஜின். வெள்ளிமலையை ஒரு சுத்து சுத்திவிட்டு இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

மனைவி அமலோற்பவத்துக்கும் ஒரே ஆசைதான். புருஷன் தரையிலேயே இருக்க வேண்டும்.

வேலையில் ராயப்பன் கறார். ஒவ்வொரு நட்டையும் முடுக்கி, நட்டு மேலும் போல்ட்டு மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பார். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. முறிந்திருந்தால் அசைந்துவிட்டது, அந்தப் பக்கம் முழுக்கக் கழற்றிப் பூட்ட வேண்டும். இந்த வித்தையைப் பெருமையாக மனைவிக்கும் சொல்லிக் கொடுத்தார். மகராசன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மறியல் தொடங்கிய காலையில் பார்த்தால், இறக்கையில் ஒரு கோடு முறிந்திருந்தது. அன்று பூரா கழற்றிப் பூட்டினார். மறுநாள் வாலில். அதற்கடுத்த நாள் இன்ஜினில்.

"இன்னாங்க இது, நின்ன எடத்துலயே நட்டு கழல்து?" அமலோற்பவம் கன்னத்தில் கை வைத்தாள். "மேல போனா இன்னா ஆவும்?"

"வைப்ரேஷன்டி!"

"இன்ஜினே ஓடலியே?"

"உனுக்கு ஒண்ணும் தெரியாது, கம்முனு இரு."

இப்படியே வாரம் கரைந்தது. கடைசி நாள் பக்கத்து வீட்டு வீரமுத்து ஓடி வந்தார். மறியலில் மரம் வெட்டியவர்களில் அவரும் ஒருவர்.

"மிலிட்டிரிக்காரரே, சாயங்காலம் மரத்த எடுத்துருவோம். பறக்கறதுன்னா இப்பவே பறந்துக்குங்க!"

ராயப்பன் கொட்டாய்க்குப் பாய்ந்தார். வால் பக்கம் மறுபடி ஒரு கோடு முறிந்திருந்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்தவருக்கு அமலோற்பவம் டீ நீட்டினாள். அவள் கட்டை விரல் மஞ்சளாக இருந்தது.

"இன்னாடி கையில?"

"மஞ்சத்தூளுங்க. கொழம்பு வெச்சிக்கினு இருந்தேன்."

ராயப்பன் விரலைப் பிடித்து மோந்து பார்த்தார். "மஞ்சத்தூள்ல எப்பிடிடி மண்ணெண்ண நாறுது?"

அவள் அசரவில்லை. "ஆமா, நாந்தான். மண்ணெண்ண போட்டுத் தொடச்சிட்டு, கோட்ட முறிஞ்ச மாதிரி இழுத்தேன். நட்ட நான் தொடவே இல்ல."

ராயப்பனுக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம் பொங்கியது. "அப்ப ஒரு நட்டும் அசையல! என் வேலன்னா வேலதான்டி!"

வீரமுத்துவும் அவருமாக விமானத்தை ரோட்டுக்குத் தள்ளினார்கள். இன்ஜின் உறுமியது. ராயப்பன் ஏறி உட்கார்ந்தால், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின் சீட்டில் ஏறுகிறாள் அமலோற்பவம்.

"நீ எங்கடி ஏர்ற?"

"வெள்ளிமலைக்குத்தான்."

"அய்யோ, எறங்குடி! மொத மொதல்ல பறக்கறது, இன்னா ஆவுமோ ஏது ஆவுமோ!"

"ஏன், நட்டெல்லாம் நல்லாத்தானங்க இருக்குது?"

"இருக்குது... இருந்தாலும் உன்ன வெச்சிக்கினு எப்பிடி..."

"எனக்கும் அப்பிடித்தாங்க இருந்திச்சி, இந்த வாரம் பூரா. ஓட்டுங்க, நான் எறங்க மாட்டேன்."

எதிரே ரோடு நேராகக் கிடந்தது. வீரமுத்து துண்டை வீசினார். ராயப்பன் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். இன்ஜினை நிறுத்தினார். இறங்கி, இறக்கை நட்டு ஒன்றில் ஸ்பேனரைப் போட்டு மூச்சைப் பிடித்துத் திருகினார். நட்டு இம்மிகூட அசையவில்லை.

"கொட்டாய்க்குத் தள்ளுப்பா வீரமுத்து," என்றார் ராயப்பன். "நட்டு லூசா இருக்குது."