வீட்டுக்காரர், வந்தவர், சமன்

தன் பிரசைகளின் நல்வாழ்வைத் தவிர வேறு நினைப்பே இல்லாத மாகாண அரசாங்கம், 1992ஆம் ஆண்டு, மரங்கள் இலை கொட்டுகிற காலத்தில், ஒரு முடிவுக்கு வந்தது. அதுவரைக்கும் ஹொக்கி ஆட்டத்தில் ஆர் வெல்லுவார் என்று ஒளித்து மறைத்துப் பந்தயம் கட்டினவன் சூதாடி, குடும்பம் கெடுத்தவன், பொலிஸ் பிடிக்க வேண்டிய ஆள். இனிமேல் அதே ஆள் அதே காசைக் கடையில் வரிசையில் நின்று அரசாங்கத்திடம் கட்டினால், அவர் ஆஸ்பத்திரி கட்ட உதவுகிற நற்பிரசை. இந்த மாற்றத்தை மேற்பார்வை செய்ய 'அதிர்ஷ்ட முன்னேற்றச் சபை' என்று ஒன்றை நிறுவினார்கள். சபைக்கு ஒரு கட்டடம், கட்டடத்துக்கு ஒரு பூச்சாடி, பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு உபகுழு, எல்லாம் கொடுத்தார்கள்.

சபை கூடிப் பார்த்தால் ஒரு குறை. ஸ்காபறோவில் வந்திறங்கின தமிழ்ச் சனம் இந்த நற்பணியில் பங்குபற்றாமல், இரண்டு வேலை செய்து, உழைத்ததைத் தங்களுக்குள்ளேயே சீட்டுக் கட்டிக்கொண்டு திரிகிறது. ஒரு சமூகத்துக்குத் தோற்கிற உரிமையை மறுக்கலாமோ? சபையின் பல்பண்பாட்டுத் தொடர்பாளர் மிஸ் பெற்றிசியா எழும்பி நின்று கேட்டாவாம். உடனே விளக்கத் துண்டைத் தமிழிலும் அடிக்கிறதென்று தீர்மானம் நிறைவேறியது.

மொழிபெயர்க்கிற வேலை மல்வேர்னில், ஒரு வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த தியாகலிங்கத்தைத் தேடி வந்தது. மனுசன் மாவட்ட அரசாங்க அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். இங்கே பிஸ்கற் பக்ரரியில் பெட்டி மடிக்கிறார். கடித உறையில் அரச முத்திரையைக் கண்டதும் அவருக்கு நெஞ்சு விம்மிவிட்டது. கொலர் வைத்த சேட்டைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் போய் இருந்தார்.

"சந்திரவதனா, உந்த ரேடியோவைக் குறையும். அரசாங்க அலுவல் நடக்குது."

"எங்களிட்டை எங்கையப்பா ரேடியோ? அது மேலை செல்வரட்ணம் வீட்டிலை பாடுது."

மேல்வீட்டில் வீட்டுக்காரர் செல்வரட்ணம். அவருடைய ரேடியோவைக் குறைக்கச் சொல்ல எந்த அரசாங்கத்துக்கும் அதிகாரம் இல்லாதபடியால், தியாகலிங்கம் பாட்டோடேயே மொழிபெயர்த்தார்.

ஆங்கிலத் துண்டில் விசயம் சின்னது. தன் சொந்த மைதானத்தில் விளையாடுகிற அணி 'ஹோம்'. வெளியூரிலிருந்து வருகிற அணி 'விசிற்றர்'. இரண்டும் வெல்லாவிட்டால் 'ரை'. மூன்று ஆட்டத்திலாவது முடிவைச் சரியாகச் சொன்னால் காசு. ஆனால் தியாகலிங்கம் ஹொக்கி பார்த்தவரல்ல. பனிக்கட்டியில் ஆக்கள் தடியோடு ஓடுவதை ஒருமுறை ரீவியில் கண்டு, ஏதோ கலவரம் என்று நினைத்து நிற்பாட்டினவர். அவர் பார்த்ததெல்லாம் கச்சேரிக் கோவைகள். கச்சேரியில் அணி கிடையாது, தரப்புத்தான். ஆட்டம் கிடையாது, பிணக்குத்தான். ஹோம் என்றால் வீடு, வீட்டுக்கு உரியவர் வீட்டுக்காரர். விசிற்றர் என்றால் வந்தவர். 'ரை'யில் மட்டும் கொஞ்சம் திகைத்தார். கழுத்துப்பட்டி என்று எழுத அவர் அவ்வளவு விசரனில்லை. 'சமன்' என்று போட்டார்.

இப்படியாகத் துண்டு வெளிவந்தது: "மூன்று பிணக்குகளிலேனும் வெல்லும் தரப்பை எதிர்வுகூறுக. வீட்டுக்காரர், வந்தவர், சமன்." கீழே சின்ன எழுத்தில்: "எவரும் எதிர்வுகூறாத பெறுபேறு ஏற்படுமிடத்து, திரண்ட பணம் யாவும் சபையைச் சாரும்." அந்தக் கடைசிச் சொல்லுக்கு மட்டும் தியாகலிங்கம் ஒரு பின்னேரம் முழுக்க மினைக்கெட்டார். சேருமா, சாருமா? கடைசியில் சாரும் வென்றது. மனுசிக்கு இரண்டுதரம் வாசித்தும் காட்டினார்.

துண்டு வந்த அடுத்தநாள் சூசைதாசனின் கடையில் சனம். சூசைதாசன் மன்னார் ஆள். மரக்கறி, வீடியோக் கொப்பி, இப்போது சபையின் பந்தய மெசினும் அவர் கடையில்தான்.

"சூசையண்ணை, எங்கடை வீட்டுக்காரன் ஹீற்றரைக் கூட்டமாட்டன் எண்டு நிக்கிறான். நான் வழக்குப் போட்டிருக்கிறன். அவனிலை ரெண்டு டொலர் போடுங்கோ."

"உன்ரை வழக்கிலை நீயே அவனிலை கட்டுறியோ?"

"வேறை என்ன செய்ய? வெல்லப்போறது அவன்தானே. அரசாங்கமே துண்டிலை அவனைத்தான் முதல் போட்டிருக்கு."

சூசைதாசன் தலையைச் சொறிந்துகொண்டு சபைக்குப் போன் பண்ணினார். மிஸ் பெற்றிசியா அன்றைக்கே புறப்பட்டு வந்தா. தியாகலிங்கத்தையும் கூப்பிட்டார்கள். தன் சொல்லால் வந்த கூத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் செத்துப்போனது. மிஸ் பெற்றிசியா பேசினது ஆங்கிலம்தான், ஆனால் தியாகலிங்கத்தின் காதில் அது கச்சேரித் தமிழாகவே விழுந்தது.

"மேடம், பிழை என்னுடையது. ஹோம் எண்டால் வீட்டுக்காரர் இல்லையாம். அது ஹொக்கியாம்."

"மன்னிப்புக் கோர வேண்டாம், திரு தியாகலிங்கம். தங்கள் பண்பாட்டையிட்டுத் தாங்கள் ஒருபோதும் வெட்கப்படலாகாது."

"பண்பாடு இல்லை மேடம், பிழை."

"ஹொக்கி எங்களுடைய விளையாட்டு. வீட்டுக்காரரும் வந்தவரும் பொருதுவது உங்களுடைய மரபு விளையாட்டு. அதை நாங்கள் அங்கீகரிக்கின்றோம். மேலும், துண்டு ஒரு இலட்சம் பிரதி அடித்தாயிற்று. மூன்று குழுக்கள் ஒப்பமிட்டாயிற்று. பிழை என்று சொல்வதானால் நான்காவது குழு ஒன்று நியமிக்க வேண்டும். அதற்கு இந்த வருடம் நிதி இல்லை."

நியாயம்தானே. அந்த மாதமே வாடகைப் பிணக்குகள் 'பண்பாட்டுக்கேற்ற பந்தயப் பரீட்சார்த்தத் திட்டம்' என்ற பெயரில் மெசினில் ஏறின. வீட்டுக்காரரில் கட்டினால் ஒன்றுக்கு ஒன்றரை. வந்தவரில் கட்டினால் ஒன்றுக்கு எட்டு. சமனில் கட்டினால் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை.

சனம் பற்றிக்கொண்டது. ஆனால் மூன்று பிணக்கு வேணுமே! பார்க்டேலில் தண்ணி ஒழுகுகிற குழாய் வழக்கு ஒன்று, மோர்னிங்சைட்டில் நாய்வழக்கு ஒன்று. மூன்றாவதுக்கு எங்கே போவது? ஒற்றுமையாக இருந்த வீடுகளுக்குப் போய், "உங்களுக்குள்ளை ஒரு மனஸ்தாபமும் இல்லையோ? வடிவா யோசிச்சுப் பாருங்கோ" என்று கெஞ்சினார்கள். தேங்காய் துருவுகிற சத்தம், சப்பாத்து வைக்கிற இடம், எல்லாம் பிணக்காகப் பதிவுபெற்றன. விருந்துக்குப் போனால் சமையலைப் பற்றி ஆரும் கதைப்பதில்லை, எந்த வீட்டுக்காரன் நல்ல போர்மில் நிற்கிறான் என்பதுதான் கதை.

இந்த நேரம் பார்த்துச் செல்வரட்ணத்தின் மச்சான் அஜக்ஸில் வீடு வாங்கினான். வாங்கினவன் சும்மா இருந்தானோ? பேஸ்மென்றில் பார் அடித்தான். பளபளவென்று மேசை, உயரக் கதிரை, தலைகீழாகத் தொங்குகிற கிளாசுகள். அந்த வருசம் வீடு வைத்திருக்கிற தமிழனுக்குப் பார் இல்லாவிட்டால் மரியாதை இல்லை. செல்வரட்ணம் குடிப்பது படுக்கப் போகமுன் ஒரு கப் மோல்ற் பால். ஆனாலும் அவர் மனுசி அஜக்ஸ் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று தொடக்கம் சோறு போடுகிற சத்தமே மாறிவிட்டது. மனுசன் கீழே இறங்கி வந்தார்.

"தியாகண்ணை, குறை நினைக்காதேங்கோ. பேஸ்மென்ற் எனக்கு வேணும். பார் அடிக்கப்போறன்."

"தம்பி, மாரி வருது. இந்த நேரம் நாங்கள் எங்கை போறது?"

"உங்களுக்கென்ன அண்ணை, அரசாங்கத்திலை செல்வாக்கான ஆள்."

அன்றிரவு தியாகலிங்கத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரில் ஒருதரம், கொழும்பில் ஒருதரம், பார்க்டேலில் ஒருதரம் என்று பெட்டி கட்டிக் கட்டியே அவருக்கு அலுத்துப்போயிருந்தது. இந்தத் தரம் கட்டுகிறதில்லை என்று வழக்குப் போட்டார். சபைக்குச் செய்தி போனது. 'மல்வேர்ன் மாபெரும் பிணக்கு' என்று சூசைதாசனின் கடைக் கண்ணாடியில் எழுதி ஒட்டினார்கள். பார்க்டேல் குழாயும் மோர்னிங்சைட் நாயும் அதே துண்டில் முதல் இரண்டு, அவை இரண்டிலும் வீட்டுக்காரர்தான் வெல்லுவார் என்று ஊருக்கே தெரியும். ஊர் முழுக்கக் கையில் துண்டோடு மூன்றாவதுக்குக் காத்திருந்தது.

கேட்பவர்களுக்கு இனிச் சொல்லத்தான் வேணும், மனுசன் என்ன செய்தார் தெரியுமோ? தானும் ஒரு துண்டு வாங்கினார். மூன்றாவது கட்டத்தில், தன் வழக்கில், 'வீட்டுக்காரர்' என்று புள்ளடி போட்டார்.

"உங்களுக்கு அறளையே பேந்துபோச்சு?" என்றாள் சந்திரவதனா.

"இஞ்சரும், எப்பிடியும் தோக்கத்தானே போறம். தோத்தால் புது வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கக் காசாவது வரும்."

"வெண்டால்?"

தியாகலிங்கம் அதை யோசிக்கவில்லை. கையில் துண்டு வந்தபிறகு வெற்றி அவருக்கு ஒரு பெரிய பயமாகிப் போனது.

மேலே செல்வரட்ணமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தன்னில் கட்டினால் ஒன்றரை. வந்தவரில் கட்டினால் எட்டு. வழக்கில் தோற்றாலும் அந்தக் காசுக்கு அஜக்ஸில் மச்சான் வீட்டுக்குப் பக்கத்திலேயே, இன்னும் நீளமான பாரோடு ஒரு வீட்டுக்கு முற்பணம் போடலாம். வேறொரு கடையில், தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, முதல் இரண்டிலும் வீட்டுக்காரரையும் மூன்றாவதில் வந்தவரையும் போட்டுவிட்டு வந்தார்.

முதல் இரண்டிலும், எதிர்பார்த்தபடியே, வீட்டுக்காரர் வென்றார். மல்வேர்ன் பிணக்கின் விசாரணை நாள் வந்தது. மண்டபத்தில் நிற்க இடமில்லை. ஒருபக்கம் வீட்டுக்காரரில் கட்டின சனம், மறுபக்கம் எட்டு மடங்குக்கு ஆசைப்பட்டு, வந்தவரில் கட்டின சனம். மூலையில் மிஸ் பெற்றிசியா குறிப்புப் புத்தகத்தோடு. விசாரணை அதிகாரி, வயதான வெள்ளைக்காரர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தொடங்கினார்.

"திரு செல்வரட்ணம், இவரை வீட்டை விட்டு எழுப்பக் காரணம் என்ன?"

"எழுப்பவோ? ஆர் ஐயா சொன்னது? இப்பிடித் தங்கமான மனுசன் ஆருக்குக் கிடைக்கும்? ஒண்டாம் திகதி விடியமுன்னம் வாடகை கதவுக்குக் கீழை கிடக்கும்."

தியாகலிங்கம் பாய்ந்து எழும்பினார். "பொய் ஐயா! நான் பிந்தித்தான் குடுக்கிறனான்."

"ஒரு நாளும் பிந்தேல்லை ஐயா. அடக்கமாக் கதைக்கிறார்."

"நடுச்சாமத்திலை உரல் இடிக்கிறனான் ஐயா!"

"அது உரல் இல்லை, என்ரை சலவை மெசின். பிழை என்னிலை."

"கருவாடு பொரிக்கிறனான்! வீடு முழுக்க நாறுது!"

"எங்களுக்கும் ஒரு துண்டு மேலை வரும் ஐயா. நல்ல ருசி."

"என்னைத் துரத்துங்கோ ஐயா. என்னை மாதிரி ஆளை ஒரு வீட்டிலையும் வைச்சிருக்கக் கூடாது."

"இவரை எழுப்பினால் நான் பச்சைத் தண்ணி குடிக்கமாட்டன் ஐயா!"

சனம் இரண்டு பக்கமும் எழும்பி நின்று கை தட்டியது. சந்திரவதனா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கிணற்றடிச் சண்டையிலும் தன் புருசன் இப்படி வாய் திறந்து அவள் கண்டதில்லை. அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இப்படி அன்பான பிணக்கை அவர் தன் சேவைக்காலத்தில் சந்திக்கவில்லை.

"அந்தப் பேஸ்மென்றிலிருந்து வெளியே போக எத்தனை வழி?"

"ஒண்டு ஐயா, வீட்டுக்காரரின்ரை குசினிக்குள்ளாலை."

"யன்னல்?"

"ஒண்டு இருக்கு. பூனை வந்து போகும்."

"பேஸ்மென்றில் ஆக்களைக் குடிவைக்க நகராட்சி அனுமதி உண்டா?"

மண்டபத்தில் எல்லாரும் குனிந்து தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். அங்கே இருந்த அரைவாசிச் சனம் பேஸ்மென்றில் இருந்தது, மிச்ச அரைவாசி பேஸ்மென்றை வாடகைக்கு விட்டிருந்தது.

தீர்ப்பு சுருக்கம். அனுமதியில்லாத இடம். வந்தவர் அங்கே இருக்க முடியாது. வீட்டுக்காரர் அதை வாடகைக்கு விடவும் முடியாது, பார் அடிக்கவும் முடியாது. இருவருக்கும் ஒரேயளவு குற்றப்பணம். மிஸ் பெற்றிசியா எழும்பி, பரவசத்தோடு பெறுபேற்றை அறிவித்தா: "சமன்!"

சூசைதாசன் கடைக்கு ஓடிப்போய் மெசினைத் தட்டிப் பார்த்தார். மற்றக் கடைகளுக்கும் போன் போட்டார். பிறகு மண்டபத்துக்குத் திரும்பி வந்து, வாசலில் நின்ற இருவரையும் பார்த்துச் சொன்னார்:

"வீட்டுக்காரனும் வந்தவனும் சமன் எண்டு இந்த ஊரிலை ஒரு குஞ்சு குருமானும் ரெண்டு டொலர் கட்டேல்லை. நீங்கள் ரெண்டுபேரும் கூடக் கட்டேல்லை."

திரண்ட பணம் யாவும் சபையைச் சார்ந்தது. தியாகலிங்கத்துக்கு அந்தச் சொல் அப்போதும் வடிவான சொல்லாகத்தான் பட்டது, அழுகைதான் வந்தது.

மிஸ் பெற்றிசியா இருவரின் கையையும் பிடித்துக் குலுக்கினா. "இந்த நாட்டில் அனைவரும் சமன் என்று நாங்கள் சொல்லும்போது நீங்கள் நம்பவில்லை. இன்று நிரூபணமாயிற்று அல்லவா?" ஆளுக்கொரு பாராட்டுப் பத்திரமும் கொடுத்தா. பத்திரத்தில் இரண்டு பேரின் பெயரும் பிழையாக இருந்தது, சமனாகப் பிழையாக இருந்தது.

பஸ்சுக்கு நிற்கும்போது செல்வரட்ணம் மெல்லத் தொடங்கினார்.

"அண்ணை, அஜக்ஸிலை மச்சான்ரை பார் சும்மாதான் கிடக்கு. ஒருதரும் குடிக்கிறேல்லை. வாடகைக்குக் கேட்டுப் பாக்கட்டோ?"

"அனுமதி இருக்கோ தம்பி?"

"உதெல்லாம் கேக்கப்படாது அண்ணை."

அந்த மாரி முழுக்கத் தியாகலிங்கமும் சந்திரவதனாவும் உயரக் கதிரையில் ஏறி இருந்து, பளபளக்கிற மேசையில் புட்டுச் சாப்பிட்டார்கள். தலைக்குமேல் கிளாசுகள் தொங்கின.

அடுத்த பிணக்கு மெசினில் ஏறினபோது, மல்வேர்ன் முழுக்கத் திரண்டுபோய்ச் சமனில் கட்டியது. செல்வரட்ணம் கட்டினார், சூசைதாசன் கட்டினார், தியாகலிங்கம் அஜக்ஸிலிருந்து ரெயின் ஏறி வந்து கட்டினார்.

வீட்டுக்காரர் வென்றார். அதற்குப் பிறகு ஒருநாளும் சமன் வரவில்லை.