டெக்ஸ்டர் துரைக்கு வாசல் அடைத்தால்

புக்கிட் காத்தில், மலாக்கா,
வெள்ளிக்கிழமை.

ஜாசின் மாநகரைத் தோளில் தாங்கி நிற்கும் என் தங்கை கணவர், மச்சான் சிவசாமி அவர்களுக்குத் தங்கையாவின் வணக்கம். நான் சொல்ல என் மனைவி அனுசியா எழுதுகிறாள். பிழை அவளுடையது, வீரம் என்னுடையது. சர்க்கரை வியாதி இரண்டு கண்ணையும் தின்ற பிறகும் இங்கே நலமே.

உங்கள் மகள் தேவிஸ்ரீ கல்யாணத்துக்கு, "நாய் வேணாம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சிரிப்பாங்க, மாமாவ சுரேன் கையப் புடிச்சிக் கூட்டியாருவான்" என்று சொல்லி அனுப்பினீர்களாம். உங்கள் மகன் சுரேனா? போன மாதம் ஜாசின் பாசாரில் அந்த மகாராஜன் போனைப் பார்த்துக்கொண்டே என்னை நேராக லொங்காங்கில் இறக்கினான், இடுப்பளவு சாக்கடையில் நான் நிற்க, மேலே நின்று, "மாமா, பாத்து வாங்க லா!" என்கிறான். பார்த்து வருவதாம்! டெக்ஸ்டர் துரை வழிகாட்டப் பயிற்சி பெற்ற நாய், மச்சான். படி வந்தால் நிற்கும். லாரி வந்தால் நான் இழுத்தாலும் நகராது. மலாக்காவை ஆண்ட எந்தத் துரைக்கும் இவ்வளவு பொறுப்பு இருந்ததில்லை.

சிரிப்பார்களா? நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் கறிவிருந்தில் மாப்பிள்ளையின் அத்தை பவானேஸ்வரி, துரையின் மூக்கருகே ஆட்டுக்கறியை நீட்டவில்லையா? துரையின் தோளில் வார் மாட்டியிருந்தால் அது வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். வேலை நேரத்தில் பிறர் கையால் தின்னாது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. "ஐயோ, தைப்பூச வெரதம் இருக்குது பாருங்க லா!" என்று அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ள, கறியும் கையுமாக இருந்த உங்கள் சொந்தபந்தம் மொத்தமும் தட்டைக் கீழே வைத்தது. இன்றுவரை அந்தம்மா, "சாமி சௌக்கியமா?" என்று துரையைத்தான் விசாரிக்கிறார், என்னையல்ல.

நான் தாய்மாமன். பெண்ணின் கைபிடித்து மணவறைக்கு அழைத்துவருவது என் உரிமை. பெண்ணை நான் அழைத்துவருவேன், என்னைத் துரை அழைத்துவரும். சுரேனை நம்பினால் தாலியை லொங்காங்கில்தான் கட்ட வேண்டும். துரைக்கு வாசல் அடைத்தால், சீர்வரிசைத் தட்டோடு மண்டபத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருவேன். மலாக்காவே வந்து பார்க்கட்டும்!

மணமகளுக்கு ஆசி, தங்கைக்கு அன்பு, சுரேனுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி.

மலை அசைந்தாலும் அசையாத,
தங்கையா

பி.கு.: தேவிஸ்ரீ இப்போதுதான் கூப்பிட்டாள். "மாமா, தொர வராட்டி நானும் நடக்க மாட்டேன்னு சொல்லிட்டேன், அப்பா சரின்னுட்டாரு. அதோட வாருக்கு என் சேல பார்டர்லயே துணி தெச்சாச்சு!" ஆகவே மேற்கண்ட வீரம் முழுவதும் வாபஸ். கல்யாணத்துக்கு மறுநாள் கறிவிருந்தில் பெரிய எலும்பாக ஒன்று ஒதுக்கிவையுங்கள். வாரைக் கழற்றிய நொடியே துரையின் விரதம் முடிந்துவிடும். பவானேஸ்வரி அம்மாவுக்கு மட்டும் தெரியவேண்டாம்.