பழைய பேட்ச்சை இறக்கிய காலை

என்னை யாராவது கெட்டிக்காரி என்று சொன்னால் நான் மறுப்பதில்லை. அவர்கள் நிலக்கோட்டையில் விசாரிக்காமல் இருந்தால் போதும்.

அங்கே பூ ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. மல்லிகைப் பெட்டியைத் தராசில் வைத்ததும் எடை, வேன் நம்பர் எல்லாம் போட்டு ஸ்லிப் அடிப்பது அந்த சர்வர்தான். விடிந்ததிலிருந்து மதியம்வரை அதை நிறுத்தவே கூடாது. (மொட்டு நமக்காகக் காத்திருக்காது.) அதனால் கெர்னலில், அதாவது மெஷினை ஓட்டும் அடிப்படை மென்பொருளில், ஏதாவது ஓட்டை இருந்தால் ஓடும்போதே அடைப்போம். அதற்கு லைவ் பேட்ச் என்று பெயர்.

எனக்கு சீனியர் யூசுப் அண்ணன். ஒரு பேட்ச்மேல் இன்னொன்றாக அடுக்கிக்கொண்டே போவது அவர் வழக்கம். எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லாத் திருத்தங்களையும் ஒரே பேட்ச்சில் சேர்த்து, அது ஏறும்போதே பழையவை மொத்தமும் இறங்கிவிடும்படி செய்வதுதான் சுத்தம் என்று அவருக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தேன். (நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஐந்து வாரம்.)

"செய்ம்மா. ஆனா உள்ள எது எது இருக்குன்னு பாத்துக்க" என்றவர், மறுநாள் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டார்.

அலுவலகப் பட்டியலில் நான்கு பேட்ச் இருந்தது. நான்கையும் சேர்த்துக் காலை ஏழு மணிக்கு ஏற்றினேன். பழையவை மரியாதையாக இறங்கின. எனக்கு நானே ஒரு டீ சொல்லிக்கொண்டேன்.

டீ வருவதற்குள் தராசு ஒரே எண்ணில் நின்றுவிட்டது. எந்தப் பெட்டியை வைத்தாலும் ஸ்லிப்பில் பன்னிரண்டு கிலோ. ஒருவர் தன் செல்போனை வைத்துப் பார்த்தார். அதுவும் பன்னிரண்டு கிலோ.

அண்ணனுக்கு போன் போட்டேன். பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம்.

"தராசு பேட்ச்சைச் சேத்தியாம்மா?"

"அப்படி ஒண்ணு பட்டியல்ல இல்லையேண்ணே."

"பட்டியல்ல இருக்காது. அவசரத்துக்குக் கையால ஏத்துனது. மெஷின்ல பாத்திருந்தா அஞ்சு காட்டியிருக்கும்."

நான் மெஷினைப் பார்க்கவில்லை, காகிதத்தைத்தான் பார்த்திருந்தேன். பழையவற்றோடு அதுவும் இறங்கிவிட்டிருந்தது. அவசரமாக அந்த ஐந்தாவதை மேலே ஏற்றினேன். ஆனால் தராசு புரோகிராம் அதற்குள் உறைந்துபோயிருந்தது. அது அசையாமல் பேட்ச் முழுசாக உட்காராது. மெஷினை அணைத்துப் போடுவதைத் தவிர வழியில்லை.

முதலாளி செல்வராணி அக்கா பெட்டிகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"இப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிருமா?"

"ஆமாக்கா."

"ஆஃப் பண்ணாம இருக்கத்தான இம்புட்டும் பண்ணுன?"

"ஆமாக்கா."

அவர் திரும்பிப் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மெஷின் எழுந்து வருவதற்குள், விமானத்துக்குப் போகும் வேன் பதினோரு பெட்டிகளை விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தது. வெளிநாடு போக வேண்டிய மல்லி நிதானமாக விரிய ஆரம்பித்தது. "விரிஞ்ச பூவை வச்சு நான் என்ன பண்ண? நீயே கொண்டு போ" என்று அக்கா ஒரு பெட்டியை என் கையில் வைத்தார்.

திண்டுக்கல் பஸ்ஸில் பக்கத்தில் நின்ற யாரோ ஓர் அம்மா, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார். வளைகாப்பு என்றேன். யாருக்கு என்றார். வேறு பெயர் எதுவும் தோன்றாமல், எனக்குத்தான் என்றேன். ஒருவர் எழுந்து சீட் கொடுத்தார். (உட்கார்ந்துகொண்டேன்.)

வேலை போகவில்லை. அந்த ஒரே பேட்ச் முறையைத்தான் இன்றும் வைத்திருக்கிறோம். ஆனால் ஏற்றும் முன் பட்டியலை மெஷினிடமே கேட்கிறோம். அதுவும் மதியத்துக்கு மேல்தான்.

அந்தப் பூ எங்கள் ஃப்ரிட்ஜை நாலு நாள் அடைத்துக்கொண்டிருந்தது. தோசையில்கூட மல்லி வாசம். இப்போதும் "நாளைக்கு ஆபீஸ்ல ஒரு மாத்தம் பண்றேன்" என்று நான் சொன்னால், என் கணவர் எழுந்துபோய் ஃப்ரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய்கிறார்.