கிணற்றுக் கிளை ஒதுக்கீடு

ஒரு காட்டில், கைத்தொழில் செய்பவர்களைக் கைதூக்கிவிட வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. அதற்கென்று ஒரு வாரியம் வைத்தார்கள். தலைவர் எருமை, எழுத்தர் ஓணான். இருவரும் பிறந்ததிலிருந்து ஒரு துரும்பைக்கூட முடைந்தவர்கள் இல்லை. ஆனால் பெயர் வைப்பதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை: 'கைவினைக் கூடு தயாரிப்போர் வாழ்வு மலர்ச்சித் திட்டம்.' தேர்வாகிறவருக்குப் பாழுங்கிணற்றின் மேல் நீண்டிருக்கும் கருவேலங்கிளை இலவசம். கூடவே முந்நூறு கட்டு பச்சைப் புல்நாரும் ஒரு கூடை களிமண்ணும்.

செய்தி காதில் விழுந்ததும் தூக்கணாங்குருவி பூவலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. கூடு முடைந்து மற்ற குருவிகளுக்கு விற்பதுதான் அவன் பிழைப்பு. வேலையில் சூரன். ஆனால் போன வருஷம் அவன் கூடு தொங்கிய பனைமரத்தில் ஒரு சாரைப்பாம்பு ஏறி, மூன்று வீட்டு முட்டைகளை விழுங்கிவிட்டுப் போனது. தப்பு மரத்தினுடையது. கெட்டது அவன் பேர். "பூவலிங்கம் கூடா? அதிலே குடியிருக்கிறதுக்குப் பாம்பு வாயிலேயே நேரா போய்ப் படுத்துக்கலாம்" என்று ஊரே பேசியது. தண்ணீருக்கு மேல் தொங்கும் கிளையில் மட்டும் பாம்புக்கு வேலை இல்லை. அந்தக் கிளை கிடைத்தால் தொழில் பிழைக்கும். கிடைக்காவிட்டால் இந்தப் பருவத்தோடு அவன் அலகைத் துடைத்துக்கொண்டு கிளம்பவேண்டியதுதான்.

மனுவை எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் பறந்தான். எழுத்தர் ஓணான் ராசரத்தினம் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"ஐயா, அந்தக் கிளை எனக்குக் கிடைக்குங்களா?"

ஓணான் தலையை ஆட்டினார். ஒரு தடவை இல்லை, ஐந்தாறு தடவை.

அட மடையா, ஓணான் என்றைக்கடா தலையை ஆட்டாமல் இருந்தது? ஆனால் ஆசை வந்தவனுக்கு இதெல்லாம் எங்கே உறைக்கும்? நேராகப் போய்த் தினைக்குருவி மாடத்தியிடம் சொல்லிவிட்டான். போன வருஷம் முட்டையைப் பறிகொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. இப்போது மறுபடியும் நிறைவயிறு.

"கிணத்து மேலயாண்ணே? சத்தியமா?"

"எழுத்தரே தலையாட்டிட்டாரு, தாயி."

"அப்ப எனக்கு ஒண்ணு முடைஞ்சிருங்க. எங்க ஆளுங்க இன்னும் பதினோரு குடும்பம் இருக்கு. அவங்களையும் கூட்டியாறேன். ஆனா எனக்குப் பத்து நாள்தான் தாங்கும், பாத்துக்கங்க."

மறுநாளே மாதிரிக் கூடு கொண்டுவரச் சொல்லி வாரியத்திலிருந்து ஆள் வந்தது. பூவலிங்கம் பாதி முடைந்த கூட்டைத் தூக்கிக்கொண்டு போனான். அவர்கள் தொழிலில் வழக்கமே அதுதான். பாதியில் நிறுத்திவிட்டு வாங்குகிற வீட்டுக்காரியைக் கூப்பிடுவார்கள். அவள் வந்து உட்கார்ந்து, ஊஞ்சலாடி, பின்னலை அலகால் இழுத்துப் பார்த்துச் சரி என்றால்தான் மீதி வேலை. முழுக்க மூடிய கூட்டில் உள்பின்னல் தெரியாது. தெரியாததை ஒருவர் தலையில் கட்டுவது திருட்டு என்று வளர்ந்தவர்கள் அவர்கள்.

தலைவர் எருமை அசைபோட்டபடி பார்த்தார். "என்னய்யா இது, அரைகுறையா இருக்கு?"

"இழுத்துப் பாருங்கய்யா. உள்ளுக்குள்ள எப்படிப் பின்னியிருக்குன்னு தெரியணுமில்ல?"

"அரைகுறை வேலைக்கு அரசாங்கம் உதவி பண்ணாது. முழுசா கொண்டுவா."

இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் முழுக்கூடு முடைந்து கொண்டுபோனான். இந்தத் தடவை ஓணான் பேசினார்.

"ஏம்ப்பா, இதை நீயா செஞ்சே?"

"ஆமாங்க."

"யார் உதவியும் இல்லாம?"

"ஆமாங்கய்யா!" என்றான் பெருமையாக.

"அப்ப உனக்கு எதுக்கு உதவி?" என்று சொல்லி, மனுவில் 'தேவை நிரூபிக்கப்படவில்லை' என்று எழுதிவிட்டார். எழுதும்போதும் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த மனு குயில் கோகிலவாணி அம்மாளுடையது. பாடுகிறவன் அவள் வீட்டுக்காரன். பேரும் புகழும் அம்மாளுக்கு. இந்தக் காட்டில் அவள் கட்டிய கூடு எங்கே என்று கேட்டால் காற்றைத்தான் காட்டவேண்டும். ஆனால் மனு இருக்கிறதே, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்! 'கையிருப்பில் உள்ள கூடுகள்: இல்லை. சொந்தமாக முடையும் திறன்: இல்லை. தேவை: மிக அதிகம்.' அதோடு காக்கையிடமிருந்து ஓர் அனுபவச் சான்றிதழ்: 'இந்த அம்மையார் மூன்று ஆண்டுகளாக என் கூட்டுக்கு வந்து போகிறார். அவர் வந்துபோன பிறகு என் வீட்டில் குஞ்சுகள் பெருகியிருக்கின்றன.' அந்த அப்பாவிக் காக்கை இதைக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, நன்றியும் சொல்லி அனுப்பியிருந்தது.

எருமைக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒண்ணுமே இல்லாத இடத்திலிருந்து தொழில் தொடங்க வந்திருக்கு பாரு. இதுதான்யா முனைப்பு!" கிளையும் நாரும் களிமண்ணும் அன்றே குயிலுக்குப் போய்விட்டன.

பூவலிங்கத்துக்கு அழுகை வந்தது. மாடத்தி முகத்தில் எப்படி விழிப்பது என்று பனைமட்டைக்குள் ஒளிந்துகொண்டான். அங்கேயே தேடி வந்துவிட்டாள் கோகிலவாணி.

"தம்பி, அடுத்த வாரம் ஆய்வுக்கு வர்றாங்களாம். கிளையிலே பன்னிரண்டு கூடு தொங்கணுமாம். எனக்கு எங்கே நேரம்? நீ கொஞ்சம் முடைஞ்சு கொடுத்துரேன்."

"கிளை உங்களது, மானியம் உங்களது. நான் ஏம்மா முடையணும்?"

"அந்தத் தினைக்குருவிப் பொண்ணு நேத்துக்கூட வந்து கிளையடியில நின்னுக்கிட்டிருந்துச்சு, பாவம். நடக்கவே முடியலை."

அடி பாவி! எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்து அடித்தாள். மாடத்தி வெறுங்கிளையில் முட்டையிட முடியாது. பூவலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு (பல் இருந்தால் கடித்திருப்பான்) வேலையில் இறங்கினான். குயில் கிளை நுனியில் உட்கார்ந்து "சபாஷ், சபாஷ்" என்று மேற்பார்வை பார்த்தாள். ஒவ்வொரு கூட்டையும் பாதியில் நிறுத்தி, வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொல்லித்தான் முடித்தான். மாடத்தி முதல் கூட்டில் ஏறி அன்றைக்கே முட்டையிட்டாள். சாரைப்பாம்பு ஒருநாள் கிணற்றடி வரைக்கும் வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

ஆய்வு நாளன்று கிணற்றைச் சுற்றித் தோரணம். பன்னிரண்டு கூட்டிலும் 'கோகிலவாணி கைவினையகம்' என்று இலையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். எருமை முக்கால் மணி நேரம் பேசினார். கடைசியில் பூவலிங்கத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். தனக்கும் ஏதோ நியாயம் கிடைக்கப்போகிறது என்று அந்த ஏமாளி சிறகைக் கோதிக்கொண்டு மேடையேறினான்.

கையில் ஒரு சான்றிதழைத் திணித்தார் எருமை. அதில் இப்படி எழுதியிருந்தது: 'தூக்கணாங்குருவி பூவலிங்கம், கோகிலவாணி அம்மையாரிடம் ஏழு நாள் கூடு முடையும் பயிற்சி பெற்றார். தேர்ச்சி: சுமார்.'

கூட்டம் கைதட்டியது. மாடத்தி மட்டும் கூட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அடப் பாவிகளா, அவரு முடைஞ்சதுய்யா இதெல்லாம்!" என்று கத்தினாள். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

பூவலிங்கம் ஓணானிடம் போனான். "ஐயா, அடுத்த வருஷமாவது எனக்கு ஒரு கிளை..."

ஓணான் சான்றிதழை வாங்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அதெப்படிப்பா முடியும்? நீதான் இப்ப பயிற்சி முடிச்சவனாச்சே. இது தொழில் தெரியாதவங்களுக்கான திட்டம்."

நீதி: மானியம் வேண்டுவோர், தொழில் கற்றுக்கொள்வதைக் கண்டிப்பாகத் தவிர்க்கவும்.